சீனாவுக்குப் புறப்படும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்குச் சீனாவில் யீவூ நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ரொக்கமே செல்லாதாமே? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: ரொக்கம் செல்லும், சில்லறைதான் கிடைக்காது. பத்து, இருபது யுவான் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். மற்றபடி காய்கறிக்கடை வரை அலிபே, வீசாட் பே என்ற கைபேசியில் பணம் கட்டும் செயலிகள் இரண்டும்தான். இந்த இரண்டு செயலிகளிலும் விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இங்கிருந்தே இணைத்துவிடலாம். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட மறந்துவிட்டு, அங்கே போய் முழிப்பவர்கள் நிறைய. ஓடிபி நம்மூர் எண்ணுக்குத்தான் வரும். அதனால் ரோமிங்கை அணைக்கக் கூடாது. 200 யுவான் வரையிலான பில்லுக்குக் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 சதவீதம் பிடிப்பார்கள்.

பெரிய தலைவலி பெயர்தான். நம் பாஸ்போர்ட்டுகளில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் அதில் ஏறியிருக்கும். அங்குள்ள சிம் கடைக்காரர் ஒரு வரிசையில் பதிவார், வங்கி ஊழியர் வேறு வரிசையில் பதிவார். ஓர் இடைவெளி கூடிக் குறைந்தாலும் வங்கிக் கணக்கை வீசாட்டோடு இணைக்கும்போது “பெயர் பொருந்தவில்லை” என்று நின்றுவிடும். சிம் வாங்கியதும் பதிவான பெயரைப் படம் எடுத்துக்கொண்டு, வங்கியில் அதைக் காட்டி, எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்குள்ள வைஃபையில் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் திறக்கும், செலவுதான் கடிக்கும். வீசாட்டில் பேசவும் செய்யலாம் என்பதால் வீட்டில் ஒருவராவது அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: வாடகை வீட்டுக்கு எவ்வளவு கொண்டுபோக வேண்டும்? (வாசகர், குளச்சல்)

பதில்: பரவலான வழக்கம் ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை. ஆக நாலு மாதத் தொகை, அதோடு தரகு. வெளிநாட்டவர் தங்கும் இடத்தைப் போலீசில் பதிய வேண்டும்; ஹோட்டலில் தங்கினால் அவர்களே செய்துவிடுவார்கள். தனி வீடு என்றால் குடிபுகுந்த 24 மணி நேரத்துக்குள் பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தத்தோடு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களே பதிய வேண்டும். வீட்டுக்காரரின் தாள்களையும் கேட்பார்கள். தர மறுக்கும் வீட்டுக்காரரும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வேலை விசாவில் போனவர் 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இந்தப் பதிவுச் சீட்டைக் காட்டியாக வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிவு.

கேள்வி: மிக்சி கொண்டுபோகலாமா? மரச்சீனிக் கிழங்கு கிடைக்குமா? (வாசகி, தக்கலை)

பதில்: மிக்சி ஓடும். அங்கே 220 வோல்ட்தான். ஆனால் நம் உருண்டை மூன்று முள் பிளக் நுழையாது. அங்குள்ள மூன்று முள்ளும் தட்டை, அவற்றில் இரண்டு சாய்ந்திருக்கும். அடாப்டர் வாங்கும்போது மிக்சியின் வாட்டைத் தாங்குமா என்று பாருங்கள். மலிவான அடாப்டர் உருகிவிடும்.

மரச்சீனி (மரவள்ளி) மாவு கிடைக்கும், பச்சைக் கிழங்கு எல்லா ஊரிலும் கிடைக்காது. பெயரிலேயே சீனி இருந்து என்ன பயன்! சீனச்சட்டிக்குப் பஞ்சமில்லை, இண்டக்சன் அடுப்பு என்றால் அடி தட்டையானதாக வாங்குங்கள். புழுங்கலரிசி அரிது. கறிவேப்பிலை, மாங்காய் போன்ற பச்சைப் பொருள்களையும் இறைச்சியையும் பெட்டியில் வைக்காதீர்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

கேள்வி: குளிர் எப்படி? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெய்ஜிங்கில் வீட்டுக்கு வீடு அரசு வெப்பமூட்டும் குழாய் வரும். யீவூ இருக்கும் தெற்குப் பகுதிக்கு அது கிடையாது. அதனால் சனவரியில் வடக்கைவிடத் தெற்கில் வீட்டுக்குள் அதிகம் நடுங்க நேரிடும். ஏசி சூடான காற்றும் தருமா என்று பார்த்து வீடு பிடியுங்கள்.