மூன்றாவது சுற்றிலேயே துவளும் ஒன்பதாம் வகுப்பு

20 விநாடி ஓட்டம், 10 விநாடி ஓய்வு என எட்டுச் சுற்று ஓடவைத்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வை 10 விநாடியிலிருந்து 40 விநாடியாக உயர்த்துங்கள்; சுற்றுகளை எட்டிலிருந்து நான்காகக் குறைத்துத் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள். 20 விநாடி கடும் முயற்சி, 10 விநாடி ஓய்வு என்னும் கணக்கு, 1996-இல் வெளியான ஆய்வில் ஜப்பானின் இசுமி தபாதா குழுவினர் பயிற்சியுள்ள இளைஞர்களை உடற்பயிற்சி மிதிவண்டியில் அமர்த்திச் சோதித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக வகுத்ததன்று.

பிள்ளைகள் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிடுவதற்கு, விசில் ஊதியதும் நூறு மீட்டர் பந்தயம் போல முதல் சுற்றிலேயே பாய்ந்துவிடுவதுதான் காரணமாக இருக்கக்கூடும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வரும் பாடவேளை என்கிறீர்கள். கடலூர் முதுநகரின் புழுக்கத்தில் வியர்வை உலராமல் சட்டையோடு ஒட்டிக்கொள்வதால் உடற்சூடு இறங்குவதும் கடினம். தலைமையாசிரியரிடம் பேசிக் காலை முதல் பாடவேளையைக் கேட்டுப் பெறுவது, எந்தப் பயிற்சி மாற்றத்தையும்விடப் பயன் தரும் என்பது என் கருத்து.

பிள்ளைகளின் முயற்சி அளவோடு இருக்கிறதா என்று சரிபார்க்க ஒரு வழி:

1. ஓடி நின்றவுடன் கழுத்து நாடியை 15 விநாடி எண்ணச் சொல்லுங்கள். நிமிடத்துக்கான உச்ச நாடித்துடிப்பு, தோராயமாக, 14 வயதுக்கு 220-இல் 14 போக 206. அதில் 85 விழுக்காடு ஏறத்தாழ 175. ஆகவே 15 விநாடிக்கு 44 துடிப்பு. (முதல் வாரம் பாதிப் பேர் தப்பாகத்தான் எண்ணுவார்கள்.)

2. ஓய்வு முடியும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடியாதவர் அடுத்த சுற்றில் நடக்கட்டும்.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, முன்பு மயங்கி விழுந்த வரலாறு உள்ளவர்களை மருத்துவரின் ஒப்புதலின்றிச் சேர்க்க வேண்டாம். நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள்.