தோற்ற தீர்மானமும் அடுத்த தீர்மானமும்

வணக்கம் ஐயா. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்துக் கோவில் பரிபாலன சபையில் உறுப்பினராக இருக்கிறேன். மண்டபத்தை வாரம் மூன்று மாலை தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் டியூஷனுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். ஆதரவு 14, எதிர்ப்பு 19. 'சரி, ஒரு நாளாவது கொடுங்கள், அதைப் புதுத் தீர்மானமாக வைக்கிறேன்' என்று எழுந்தேன். 'அதான் தோத்துப் போச்சே, உக்காரு' என்றார் தலைவர். கூட்டக் குறிப்பில் 'மண்டபத்தில் டியூஷன் நடத்தக் கூடாது எனச் சபை முடிவு செய்தது' என்று எழுதியும் விட்டார்கள். இது முறையா? (பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் குறிப்பைத் திருத்தச் சொல்லுங்கள், உட்காரச் சொன்னதை விட எனக்கு அதுதான் உறுத்துகிறது. ஒரு தீர்மானம் தோற்றால் அதற்கு எதிரானது நிறைவேறிவிட்டதாக ஆகாது. சபை எதையும் முடிவு செய்யவில்லை, நேற்று இருந்த நிலைமை அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். 'முன்மொழியப்பட்டது, தோற்றது' என்பதற்கு மேல் ஒரு சொல் கூடாது. அடுத்த கூட்டத்தில் குறிப்பை ஏற்கும் நேரத்திலேயே எழுந்து சொல்லுங்கள்.

தலைவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. தோற்றதையே அதே கூட்டத்தில் திரும்ப வைக்க விட்டால் விடிய விடிய ஓட்டெடுப்புதான். இளவட்டத்தில் நானும் ஒரு சங்கக் கூட்டத்தில் தோற்ற தீர்மானத்தில் 'வேன்' என்றிருந்ததை 'வாகனம்' என்று மாற்றிக்கொண்டு மறுபடி எழுந்தவன்தான். பின்வரிசையிலிருந்து ஒரு பழைய மண்டோர் (தோட்டக் கங்காணி) 'தம்பி, பொத்தானைத்தான் மாத்தியிருக்க, சட்டை அதேதான்' என்றார், கொட்டகையே சிரித்தது.

2019 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சபாநாயகர் ஜான் பெர்கோ, அன்றைய பிரதமர் தெரசா மே இரண்டு முறை தோற்ற பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகும்) ஒப்பந்தத்தை அப்படியே திரும்பக் கொண்டு வரக் கூடாது என்று 1604ஆம் ஆண்டு மரபு ஒன்றைக் காட்டிச் சொன்னதும் இதையேதான். கூடவே இருந்த அரசியல் பிரகடனத்தை (எதிர்கால உறவு பற்றிய தனி ஆவணம்) கழற்றிவிட்டு 29ஆம் தேதி கொண்டு வந்தார்கள், அனுமதித்தார். அதுவும் 286க்கு 344 என்று தோற்றது வேறு கதை.

உங்களுடையது பொத்தான் மாற்றம் இல்லை. மூன்று நாளுக்கு 'வேண்டாம்' என்றவர் ஒரு நாளுக்குச் 'சரி' சொல்லலாம், அது வேறு கேள்வி. நான் தலைவராக இருந்திருந்தால் விட்டிருப்பேன். ஆனால் ஒன்று, ஓட்டுக்கு விடும் முன்பே 'மூன்று' என்பதை 'ஒன்று' ஆக்கத் திருத்தம் கொடுத்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது!

அமெரிக்கர்கள் நிறைய பேர் பின்பற்றும் ராபர்ட் விதிகளில் (கூட்டம் நடத்தும் முறை பற்றி 1876இல் ஒரு ராணுவப் பொறியாளர் எழுதியது) இன்னொரு வழி உண்டு. ஒரு முடிவை அதே கூட்டத்தில் மறுபரிசீலனை செய்யச் சொல்லலாம், ஆனால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் கேட்க வேண்டும். உங்கள் சபைக்கு அது விதி இல்லை, சங்கப் பதிவிலாகாவில் பதிந்த உங்கள் சட்டவிதிகள்தான் பேசும். இருந்தாலும் அந்தப் புத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 19 பேரில் மூன்று பேர் மாறினால் 17க்கு 16. ஒரு டீ வாங்கிக் கொடுத்து ஏன் எதிர்த்தார்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் கரண்ட் பில்லாகத்தான் இருக்கும். அதை யார் கட்டுவது என்பதையும் தீர்மானத்திலேயே எழுதி, எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டவிதியில் பார்த்துவிட்டு, செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.