பழைய ஹைலக்ஸின் தரைத் தகரம்: ஒட்டும்போது துளை பெருப்பது ஏன்?

தம்பி, வேலணையில் ஓடும் உங்கள் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் சாரதி இருக்கைக்கு முன்னால் தரை கறள் தின்றுவிட்டது, வெல்டிங் வைத்து ஒட்டப் போனால் துளை இன்னும் பெருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் பிழையில்லை. அந்தத் தகரம் புதிதிலேயே ஏறக்குறைய 1 மில்லிமீற்றர்தான், 2.5 மில்லிமீற்றர் வெல்டிங் கம்பியும் 80 அம்பியரும் அதற்கு எமன்.

கறளின் மேலேயே ஒட்டுவதை முதலில் நிறுத்துங்கள். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வெளிப்பக்கமாகப் போங்கள். பொத்தென்ற சத்தம் மாறிக் கணீரென்று கேட்கும் இடம்வரை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டு பெரிதாகும், மனம் பதறும், பரவாயில்லை.

இயலுமானால் 0.6 மில்லிமீற்றர் கம்பியைத் தானே ஊட்டும் மிக் (MIG) வெல்டிங் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்குங்கள். வெட்டிய இடத்தில் புதுத் தகரத்துண்டை வைத்து, நீளமாக இழுக்காமல் ஒரு மூலையில் ஒரு பொட்டு, எதிர் மூலையில் அடுத்தது. சூடு ஆறிய பிறகே இடையில் வையுங்கள். பின்புறம் தடித்த செப்புத் தகடு பிடித்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், உருகிய இரும்பும் அதில் ஒட்டாது.

பற்றரியின் எதிர் (–) முனையைக் கழற்றிவிடுங்கள். தரைக்குக் கீழே ஓடும் எரிபொருள், பிரேக் குழாய்களையும் பாருங்கள். கூரைத் தகரத்துண்டை ஒட்டாதீர்கள். அதன் மேலுள்ள நாக (துத்தநாக)ப் பூச்சின் புகை காய்ச்சலில் கிடத்தும்.

ஒட்டியபின் இருபுறமும் பிரைமர் கட்டாயம். வேலணைக்குப் போகும் பண்ணைப் பாலத்து உப்புக் காற்று வெறும் இரும்பை விட்டுவைக்காது.

சட்டகமும் (சேசிஸ்) உக்கியிருந்தால் நீங்கள் தொடாதீர்கள், அனுபவமுள்ள ஒட்டுனரிடம் கொடுங்கள். அதன் படத்தையும் போடுங்கள், பார்க்கலாம்.