ஓசியில் ஓவியம் பார்க்க என்ன கூச்சம்?

கேள்வி: மதுரையிலிருந்து வந்து அமெரிக்காவில் கிளீவ்லாந்து பக்கம் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரன் பிறந்ததால் ஆறு மாதம். ஓபர்லின் என்ற ஊரில் ஒரு கல்லூரியின் கலை அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது, பேச்சு, சுற்றிக்காட்டுவது எல்லாம் இலவசம், போய்விட்டு வாருங்கள் என்று மகள் நச்சரிக்கிறாள். நான் படித்தது பிளஸ் டூ. கல்லூரிக்குள் நம்மையெல்லாம் விடுவார்களா? ஏதாவது கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது?

பதில்: விடுவார்கள் அம்மா. யாரும் உங்களிடம் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. ஆலன் நினைவுக் கலை அருங்காட்சியகம் என்பது அதன் பெயர், 1917-ல் திறந்தது, கல்லூரியுடையதுதான் என்றாலும் ஊர்க்காரர், வெளியூர்க்காரர், வழிதவறி வந்தவர் யாராக இருந்தாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம். வாசலில் எத்தனை பேர் என்று கேட்டால் அது கணக்குக்காக. பெரிய பையையும் தண்ணீர் பாட்டிலையும் வெளியே வைக்கச் சொல்வார்கள், படங்களைத் தொடக்கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முதல்முறை இப்படி ஒரு பேச்சுக்குப் போனபோது நானும் ஒரு மணி நேரம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தவன்தான், பாதி புரியவில்லை, ஆனால் பக்கத்தில் நின்றவருக்கும் புரியவில்லை என்பது அப்புறம் காபி குடிக்கும்போதுதான் தெரிந்தது. கேள்வி கேட்டால் சிரித்துவிட்டு "சும்மா பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குமேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சுற்றிக் காட்டுபவர்களில் பலர் மாணவர்கள், ஜனவரி மாத விடுமுறைப் பருவத்தில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள், உங்கள் மகளைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள். உங்களைவிட அவர்களுக்குத்தான் படபடப்பு அதிகம் இருக்கும்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள். மூன்றே மூன்று போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெர் புருகன் என்ற டச்சு ஓவியர் 1625-ல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அம்பு தைத்துச் சரிந்து கிடக்கும் செபஸ்தியார் என்ற கிறிஸ்தவப் புனிதரிடமிருந்து ஐரீன் என்ற பெண் அம்பைப் பிடுங்குகிறாள், இன்னொருத்தி மரத்தோடு கட்டிய கையை அவிழ்க்கிறாள். உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத ஒரு உடம்பை இரண்டு பெண்கள் கவனமாகக் கையாள்கிறார்கள். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை, எந்த ஆங்கிலமும் வேண்டாம். அப்புறம் கிர்ச்னர் என்ற ஜெர்மன் ஓவியர் 1915-ல் தன்னைத்தானே சிப்பாயாக வரைந்துகொண்டது. வலது கை வெட்டுண்டு ரத்தமாக நிற்கிறார். நிஜத்தில் அவர் கை போகவே இல்லை, ராணுவப் பயிற்சியிலேயே மனம் உடைந்துபோன ஆள், இனிமேல் தூரிகை பிடிக்க முடியாதோ என்ற பயத்தைக் கையை வெட்டிக் காட்டியிருக்கிறார். நாஜிகள் இந்தப் படத்தை ஜெர்மனியில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து பறித்து, "சீரழிந்த கலை" என்று 1937-ல் கேலிக் கண்காட்சியில் மாட்டினார்கள். அப்படிச் சீப்பட்ட படம் இன்று ஒஹாயோவில் ஒரு சின்ன ஊரில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கிற மாதிரி தொங்குகிறது. மூன்றாவதை நீங்களே தேர்ந்தெடுங்கள், எனக்குப் பிடித்தது உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று இல்லை. ஒரு படம் சில மாதம் சுவரில் இருக்கும், சில மாதம் உள்ளே போய்விடும், தேடியது இல்லை என்றால் மனம் விட்டுவிடாதீர்கள்.

பேரனுக்கு வெளியே புல்தரையே போதும். ஓல்டன்பர்க் என்ற சிற்பி 1970-ல் செய்த ராட்சச மின்சாரப் பிளக் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடக்கும்.

நீங்கள் மதுரை என்பதால் இன்னொன்று. ஓபர்லினில் படித்து முடித்தவர்கள் ஷான்ஸி என்ற அமைப்பின் வழியாக லேடி டோக் கல்லூரிக்கும் அமெரிக்கன் கல்லூரிக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பல ஆண்டுகளாக வந்திருக்கிறார்கள். தல்லாகுளம் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் அந்த ஊரில் உங்களைப் பிடித்துக்கொண்டு பேசினால் ஆச்சரியப்படாதீர்கள்.

திங்கட்கிழமை மூடியிருக்கும், போவதற்கு முன் வலைத்தளத்தில் நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கல்லூரி நடக்கும் மாதங்களில் முதல் வியாழக்கிழமை மாலை தாமதமாகவும் திறந்து வைப்பார்கள், பேச்சு பெரும்பாலும் அப்போதுதான். கல்லூரியின் இசைப் பள்ளியில் நடக்கும் கச்சேரிகளிலும் பெரும்பாலானவை இலவசம், ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அதே கல்லூரியில் மாணவர்கள் பிக்காசோ படத்தை விடுதி அறையில் மாட்டிக்கொள்கிறார்களாமே, நிஜமா, கப்ஸாவா?

பதில்: நிஜம். ஐந்து டாலர் வாடகை, ஒரு பருவம் முழுக்க வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு இரண்டு படம். எல்லன் ஜான்சன் என்பவர் 1940-ல் தொடங்கியது. பின்னாளில் அங்கேயே கலை வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். காலையும் இரவும் ஒரு படத்தோடு குடியிருந்தால்தான் அது என்ன என்று தெரியும் என்பது அவர் கட்சி. சுமார் 400 படைப்புகள் இதற்கென்றே தனியாக இருக்கின்றன. பெரும்பாலும் அச்சுப் படங்கள், பிக்காசோ, டாலி, வார்ஹால் பெயர்களும் உண்டு. நம் ஊரில் முதல்நாள் முதல் காட்சிக்கு நிற்பதுபோல் முந்தின ராத்திரியே வெளியில் கூடாரம் போட்டுப் படுத்து இடம்பிடிப்பார்கள். இவ்வளவு வருடம் நடந்தும் இந்த வாடகை நின்றுபோகவில்லை என்பதிலிருந்து, பிள்ளைகளிடம் நம்பிக் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சும்மா கொடுக்கும் எதற்கும் மதிப்பு இருக்காது. இந்தக் கல்லூரிகள் மட்டும் ஏன் இலவசமாகக் காட்டுகின்றன? பின்னால் ஏதோ விளம்பர உத்தி இருக்க வேண்டும் என்கிறார் என் நண்பர். (கோவை வாசகர்)

பதில்: உத்தி இல்லை, கல்லூரிக்கு அது வகுப்பறை. வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் மாதிரி. வகுப்புக்காக எப்படியும் விளக்கு எரிகிறது, காவலாளி நிற்கிறார், மற்றவர்களும் வந்தால் என்ன? செலவுக்குப் பழைய மாணவர்கள் விட்டுப்போன அறக்கட்டளைப் பணம் வருகிறது, படங்களும் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். 1889-ல் ஓபர்லினில் படித்து முடித்த மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற பெண்மணி ஜப்பானுக்குப் போய் மர அச்சுப் படங்களை வாங்கத் தொடங்கி, 1,500-க்கும் மேல் சேர்த்து, அத்தனையையும் கல்லூரிக்கே எழுதி வைத்தார். அதைக் காட்டக் காசு வாங்கினால் நன்றாகவா இருக்கும்?

யேல் பல்கலைக்கழகத்தில் 1832-ல் தொடங்கிய கலைக்கூடத்துக்கும் கட்டணம் இல்லை. ஹார்வர்டு ரொம்ப நாள் வெளியாரிடம் வாங்கிக்கொண்டிருந்தது, 2023 ஜூனில் அதையும் எடுத்துவிட்டார்கள். மதிப்பு பற்றி உங்கள் நண்பர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் வெளியூர்க்காரருக்கு 30 டாலர். அதைக் கொடுத்து உள்ளே போய் செல்ஃபி மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.