புதிய கிராபிக்ஸ் கார்ட் போட்ட பிறகும் கேம் வேகமாக ஓடவில்லை. கார்ட் போலியா, பவர் சப்ளையை மாற்ற வேண்டுமா?

அக்கரைப்பற்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ரைசன் 5 2600 புரொசசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஆகியவற்றைக் கொண்டு நீங்களே வீட்டில் பூட்டிய கணினியில், பழைய கார்டைக் கழற்றிவிட்டு ஆர்எக்ஸ் 6600 போட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொரு 8 ஜிபி ராமும் சேர்த்திருக்கிறீர்கள். வலோரண்ட் விளையாடும்போது பிரேம் எண்ணிக்கை (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) சொற்பமாகவே கூடியிருக்கிறது. சைபர்பங்க் 2077இல் சனம் நிறைந்த தெருவுக்குள் நுழைந்தால் முன்னைவிடக் கூடுதலாகத் திக்கித் திக்கி ஓடுகிறது. கார்டை விற்றவர் ஏமாற்றிவிட்டாரோ என்ற சந்தேகமும், பவர் சப்ளையை மாற்றச் சொன்ன நண்பரின் ஆலோசனையும் உங்களைக் குழப்பியிருக்கின்றன.

நீங்கள் விவரித்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கார்ட் பெரும்பாலும் நல்ல கார்ட்தான். அது செய்து முடிக்கக் கூடிய வேலையை அதற்கு உரிய நேரத்தில் புரொசசரும் ராமும் எடுத்துக் கொடுக்கவில்லை என்பதே என் கணிப்பு. ஆகவே அளந்து பார்க்காமல் இன்னொரு பாகத்தை வாங்கிவிடாதீர்கள். கொழும்பிலிருந்து பார்சலில் எடுப்பித்தாலும், வளைகுடாவில் இருக்கும் உறவினர் கையில் கொண்டுவந்து தந்தாலும், கிழக்கில் இருக்கும் நமக்கு ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுத்து மாற்றுவது எளிதான காரியமல்ல. அதனால்தான் நான் மட்டக்களப்பில் நண்பர்களுக்குக் கணினி பூட்டிக் கொடுக்கும்போது, பிழை எங்கே என்று தெரியும்வரை எவரையும் கடைக்குப் போக விடுவதில்லை.

முதலில் கார்டின் மீதுள்ள சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், உண்மையான ஆர்எக்ஸ் 6600இல் ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகு) எண்ணிக்கை 1792 என்றும், நினைவகம் 8 ஜிபி, 128 பிட் என்றும் காட்டும். போலியாக மாற்றி எழுதப்பட்ட பல கார்டுகளை இந்த மென்பொருள் தானே அடையாளம் கண்டு எச்சரிக்கும். அதே பக்கத்தில் பஸ் இன்டர்பேஸ் என்ற வரியையும் பாருங்கள். அருகிலுள்ள கேள்விக்குறியை அழுத்திச் சோதனையை ஓடவிட்ட பிறகே அந்த வரியை வாசிக்க வேண்டும். ஏனெனில் கார்ட் சும்மா இருக்கும்போது இணைப்பு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன்களை (கார்டுக்கும் போர்டுக்கும் இடையிலான தரவுப் பாதைகளை) மட்டுமே பயன்படுத்தும் கார்ட். உங்கள் மதர்போர்டும் புரொசசரும் பிசிஐஇ என்ற அந்த இணைப்பின் 3.0 தலைமுறையைச் சேர்ந்தவை. ஆகவே எட்டு லேன், 3.0 என்று காட்டினால் எல்லாம் சரி. அதனால் ஏற்படும் இழப்பு பெரும்பாலான கேம்களில் சிறியதே. நான்கு லேன், 2.0 என்று காட்டினால் கார்டைக் கீழேயுள்ள இரண்டாவது நீள ஸ்லொட்டில் பூட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். பல பி450 போர்டுகளில் அந்தக் கீழ் ஸ்லொட் சிப்செட் என்ற துணைச் சிப் வழியாகத்தான் ஓடுகிறது. அங்கே இந்தக் கார்டைப் போட்டால் மூச்சுத் திணறும். புரொசசருக்கு அருகிலுள்ள மேல் ஸ்லொட்டே அதற்குரிய இடம்.

பவர் சப்ளை பற்றி நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. 1050 டிஐ 75 வொட் எடுக்கும் கார்ட், 6600 ஏறத்தாழ 132 வொட் எடுக்கும் கார்ட் என்பது உண்மை. தரமற்ற பவர் சப்ளையை வைத்திருப்பதும் நல்லதல்ல. ஆனால் மின்சாரம் போதாத கணினி வழக்கமாகத் திடீரென அணையும், திரை கறுக்கும், அல்லது தானே மறுபடி தொடங்கும். எந்நேரமும் ஒரே சீராகப் பிரேம் குறைந்து ஓடுவது அதன் அடையாளம் அல்ல. மொனிட்டர் கேபிளைப் பற்றியும் சிலர் கேட்கக்கூடும். 5600ஜி போன்ற உள்ளமை கிராபிக்ஸ் கொண்ட புரொசசர் வைத்திருப்பவர்கள் கேபிளை மதர்போர்டிலேயே செருகிவிட்டுப் புதிய கார்ட் வேலை செய்யவில்லை என்று கவலைப்படுவதுண்டு. உங்கள் 2600இல் உள்ளமை கிராபிக்ஸ் இல்லாதபடியால், கேபிள் அங்கே இருந்திருந்தால் திரையில் எதுவுமே வந்திருக்காது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திரையில் தோன்றும் ஒவ்வொரு பிரேமும் இரண்டு கைகள் மாறி வருகிறது. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எங்கே பட்டது, தெருவில் நடக்கும் ஒவ்வொருவரும் அடுத்து என்ன செய்வார் என்பதையெல்லாம் புரொசசர் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தயாரிக்கிறது. அவற்றை வாங்கிக் கிராபிக்ஸ் கார்ட் வரைகிறது. ஒரு நொடிக்கு 60 பிரேம் வேண்டுமென்றால் இரண்டு தரப்பும் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிநொடிதான் கிடைக்கும். இருவரில் மெதுவானவர் எவரோ, அவருடைய வேகமே கேமின் வேகம். பழைய கார்ட் இருந்தபோது மெதுவானது கார்டாக இருந்தது. அதனால் புரொசசரின் குறை வெளியே தெரியவில்லை. கார்டின் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்த பிறகு, இதுவரை மறைந்திருந்த குறை இப்போது வெளியே வந்திருக்கிறது. புதிய கார்ட் எதையும் கெடுக்கவில்லை.

இதை நீங்களே உறுதிப்படுத்தலாம். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னரும் அதனுடன் வரும் ரிவாடியூனரும் போட்டால், கேம் ஓடும்போதே கார்டின் பயன்பாடு, புரொசசரின் ஒவ்வொரு திரெட்டின் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைத் தடத்தின்) பயன்பாடு, சூடு, பிரேம் நேரம் எல்லாம் திரையின் மூலையில் தெரியும். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலும் இதற்கு வசதி உண்டு. வி-சிங்கையும் (பிரேம்களை மொனிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கும் அமைப்பு) பிரேம் வரம்புகளையும் நிறுத்திவிட்டு, ஒரே சேவ் இடத்திலிருந்து ஒரே தெருவில் ஒரு நிமிடம் நடவுங்கள். கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்ட் முழு மூச்சாக உழைக்கிறது. அது 50, 60 என்று ஆடிக்கொண்டிருந்தால் கார்ட் காத்திருக்கிறது. பிறகு ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்து அதே தெருவில் மீண்டும் நடவுங்கள். கார்டின் வேலை பாதிக்கும் கீழே குறைந்த பின்னும் பிரேம் எண்ணிக்கை அசையவில்லை என்றால், தடை புரொசசர் பக்கம் என்பதில் ஐயமே வேண்டாம்.

இந்த இடத்தில் டாஸ்க் மனேஜர் பலரைத் தவறாக வழிநடத்துகிறது. மொத்தப் புரொசசர் பயன்பாடு 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு, புரொசசருக்கு இன்னும் பாதிக்கு மேல் பலம் மிச்சமிருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 2600இல் பன்னிரண்டு திரெட் உள்ளன; அவற்றில் ஒன்று முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மைத் திரெட்டே மற்றவற்றை நடத்துகிறது. அது நிரம்பிய கணமே மற்ற பதினொன்றும் ஓய்ந்திருந்தாலும் பயனில்லை.

உங்கள் விடயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது ராமைத்தான். பழைய குச்சியுடன் புதிய குச்சியைச் சேர்த்திருக்கிறீர்கள். இரண்டும் வேறுபட்ட வேகம் கொண்டவை என்றால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். அதோடு, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில்) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற அமைப்பை நாமாக இயக்கும்வரை, பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்தாலும் ராம் 2133, 2400 அல்லது 2666 என்ற அடிப்படை வேகத்தில்தான் ஓடும். பயாஸ் தன் அமைப்புகளை இழந்து பழைய நிலைக்குத் திரும்பியிருந்தாலும் இதே கதிதான். மூன்றாவதாக ஸ்லொட். நான்கு ஸ்லொட் கொண்ட போர்டில், இரண்டு குச்சிகளை வழக்கமாகப் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். உங்கள் போர்டின் கையேட்டிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சனலைப் பகிர்ந்துகொள்ளும். 16 ஜிபி இருக்கும், ஆனால் தரவு செல்லும் பாதை 128 பிட்டுக்குப் பதிலாக 64 பிட்டாகச் சுருங்கிவிடும். ஒற்றை மாட்டு வண்டிக்குள் கூடுதல் மூட்டை ஏற்றியது போலத்தான் அது. கொள்ளளவு கூடும், வேகம் கூடாது.

ரைசனின் இந்தத் தலைமுறைக்கு ராம் வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 2600இல் ஆறு கோர்கள் மூன்று மூன்றாக இரண்டு கூட்டங்களாகப் பிரிந்திருக்கின்றன. அந்தக் கூட்டங்களை இணைக்கும் இன்பினிட்டி பேப்ரிக் என்ற உள்வழியின் வேகம், ராம் வேகத்துடனேயே கட்டப்பட்டிருக்கிறது. ராம் மெதுவானால் புரொசசரின் உள்ளேயே பேச்சுவார்த்தை மெதுவாகிறது. சிபியு-இசட் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து, இரட்டைச் சனல் என்று காட்டுகிறதா, வேகம் என்ன என்று பாருங்கள். அங்கே காட்டும் எண் பாதியாக இருக்கும். 1600 என்றால் அது 3200. ஏஎம்டி இந்தப் புரொசசருக்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன உச்சம் 2933. எக்ஸ்எம்பி போட்ட பிறகு கணினி தடுமாறினால் 2933க்கு இறக்கிப் பாருங்கள். பொருந்தாத இரண்டு குச்சிகளை வற்புறுத்தி 3200இல் ஓட்டுவதைவிட, நிலையாக 2933இல் ஓட்டுவது மேலானது. இதற்குச் செலவு எதுவும் இல்லை, கிடைக்கும் பலனோ பெரிது. குறிப்பாகத் திக்கல் குறையும்.

டிரைவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறியிருப்பதால், பழைய டிரைவரின் மிச்சங்களை டிடியு என்ற மென்பொருளால் சேப் மோடில் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். அதைச் செய்யும்போது இணையத்தைத் துண்டித்து வைத்தால், விண்டோஸ் தானாக வேறொரு டிரைவரை இடையில் போட்டுவிடாது. புதிய டிரைவர் போட்டதும் முதல் சில சுற்றுகளில் வரும் திக்கலைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; ஷேடர்கள் எனப்படும் கேமின் வரைதல் நிரல்கள் மீண்டும் தயாராகும்வரை அது இயல்பு. கேமின் செட்டிங்ஸையும் ஒருமுறை பாருங்கள். புதிய கார்டைக் கண்டதும் சில கேம்கள் தரத்தைத் தாமாகவே உயர்த்திவிடும்; அப்படியானால் நீங்கள் ஒப்பிடுவது பழைய படத்தையும் வேறொரு படத்தையும்தான். சைபர்பங்கில் கூட்ட அடர்த்தி என்ற தெரிவு புரொசசரின் சுமையை நேரடியாகக் கூட்டுவது. அதைக் குறைத்ததும் தெருவில் ஓட்டம் தெளிவானால், மேலே சொன்னதற்கு அதுவும் ஒரு சாட்சி.

விண்டோஸ் 11 வைத்திருந்தால் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு அமைப்பையும் கவனியுங்கள். இதற்குத் தேவையான வன்பொருள் உதவி ரைசனில் சென் 2 தலைமுறையிலிருந்துதான் வந்தது; அதற்கு முந்தைய 2600இல் அதே வேலையை மென்பொருளே செய்வதால் சுமை கூடுதல். அதை நிறுத்தினால் சில பிரேம் கிடைக்கலாம். ஆனால் பாதுகாப்பு குறையும். வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் பாடசாலை வேலைகளும் அதே கணினியில் இருக்கும் வீட்டில் அதை நிறுத்தும்படி நான் சொல்ல மாட்டேன்.

சூட்டைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் காணும் சோதனை எண்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்பட்டவை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ தகரமோ ஓடோ போட்ட வீட்டு அறை நண்பகலில் 34 பாகையைத் தாண்டும். அறை எத்தனை பாகை ஏறுகிறதோ, புரொசசரும் ஏறத்தாழ அத்தனை பாகை ஏறும். 2600இன் உச்ச எல்லை 95 பாகை. அதை நெருங்கும் முன்பே அது தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். வாங்கிய நாளிலிருந்து தெர்மல் பேஸ்ட் மாற்றவில்லை என்றால் அது காய்ந்திருக்கும். புதிய கார்ட் கூடுதலான சூட்டைப் பெட்டிக்குள் விடுவதும் இப்போது சேர்ந்திருக்கிறது. எச்டபிள்யூ-இன்போ என்ற மென்பொருளில், கேம் ஓடும்போது புரொசசரின் வேகம் விழுகிறதா என்று பாருங்கள். பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, வீட்டு மின்விசிறியை நேரே காட்டிவிட்டு மீண்டும் அளவெடுங்கள். எண்கள் ஏறினால் காற்றோட்டமே பிரச்சினை. பேஸ்ட் மாற்றி, தூசியும் கடற்கரை மணலும் அடைத்த வலைகளைத் துப்புரவாக்கினால் போதும். உப்புக் காற்று படும் வீடுகளில் ராமின் பொன்னிறத் தொடுமுனைகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்ககோலால் துடைத்துவிட்டுச் செருகுவது நல்லது.

இவை எல்லாம் செய்த பின்னும் கார்ட் காத்துக்கொண்டே இருந்தால், அப்போது மட்டும் புரொசசரை மாற்றுங்கள். மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 உங்கள் பி450 போர்டிலேயே இயங்கும். அதுவும் 65 வொட்தான், பழைய கூலரே தாங்கும். விலை சற்றுக் குறைவு என்று 5500ஐ எடுத்துவிடாதீர்கள். 5600இல் எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பி, 5500இல் 16 எம்பி, கேம்களில் அந்த வித்தியாசம் தெரியும். உங்கள் மொனிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் அவசரம்கூட இல்லை: ராமைச் சீர்செய்துவிட்டு, பிரேம் வரம்பை 60இல் வைத்து, கிடைக்கும் ஓட்டம் போதுமா என்று முதலில் சில நாட்கள் விளையாடிப் பாருங்கள்.

5600 வாங்குவதாக முடிவு செய்தால், பழைய 2600 போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். பழைய பயாஸ் புதிய புரொசசரை அடையாளம் காணாது. போர்டின் பெயரோடு அதன் பதிப்பு எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே கோப்பை எடுங்கள். மாரி மழையும் இடியும் உள்ள மாலை வேளையில் அதைத் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால் போர்ட் செயலிழக்கக்கூடும் என்பதால், கணினியைக் கட்டாயம் யூபிஎஸ்ஸில் இணைத்த பிறகே தொடங்குங்கள். புதுப்பித்து முடிந்ததும் எக்ஸ்எம்பி அமைப்பு அழிந்திருக்கும். அதை மறுபடி இயக்கிய பிறகே அளவெடுங்கள்.