வீட்டு ஜன்னல் கண்ணாடி துடைக்கும் வேலையைத் தொடங்கப்போகிறேன், ஸ்கூட்டர் மட்டும்தான் இருக்கிறது. என்னென்ன கருவிகள் வாங்கலாம், எப்படிக் கொண்டுபோகலாம்?

ஸ்கூட்டர் தாராளமாகப் போதும். ஆறு வருடமாகச் சென்னையில் வேளச்சேரி, மேடவாக்கம், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து வீடுகளில் இந்த வேலைதான் செய்கிறேன். முதல் வருடம் ஆசை ஆசையாக வாங்கியதில் பாதி இப்போது என் பையில் இல்லை. அதனால் கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: வேலை நடக்கும்போது இது எங்கே இருக்கும்? கையிலா, இடுப்பிலா, தரையிலா? தரையில்தான் என்றால் ரொம்ப யோசித்து வாங்குங்கள். நாம் நிற்பது அடுத்தவர் வீட்டு ஹாலில். சொட்டச் சொட்ட ஒரு துணியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கும் வாளிக்கும் இருபது தடவை நடந்தால், கண்ணாடி பளபளத்தாலும் அந்த வீட்டம்மா தரையைத்தான் பார்ப்பார்.

முதலில் வைப்பர், அதாவது கண்ணாடியில் தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை. இரண்டு வாங்குங்கள், ஒன்று 14 இன்ச், ஒன்று 6 இன்ச். பால்கனிக் கதவு, ஸ்லைடிங் ஜன்னல் எல்லாம் 14 இன்ச்சில் முடிந்துவிடும். ஆனால் உங்களுக்குச் சோறு போடப்போவது அந்த 6 இன்ச்தான். வெளிநாட்டு வீடியோக்களில் பாம்பு மாதிரி வளைத்து வளைத்து ஒரே இழுப்பில் துடைப்பார்கள். நம் ஊர் ஜன்னலில் கிரில் இருக்கிறதே! மாடி வீட்டில் வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னலை உள்ளேயிருந்து கம்பி வழியாகக் கையை விட்டுத்தான் துடைக்க வேண்டும். வைப்பரைச் செங்குத்தாகத் திருப்பி இரண்டு கம்பிக்கு நடுவே நுழைத்து, வெளியே போனதும் கிடையாகத் திருப்புங்கள். கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்வது ரொம்ப முக்கியம். சோப்புக் கையில் வழுக்கினால் மூன்றாவது மாடியிலிருந்து கீழே போகும், கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் தடவுகிற துணி உறை போட்ட கட்டையும் இதே இரண்டு அளவில் இருக்கட்டும்.

ரப்பரைத் தனியாக மாற்ற முடிகிற வைப்பராகப் பார்த்து வாங்குங்கள். பழைய காலத்து வைப்பரில் தடித்த ரப்பர் இரண்டு இருக்கும், மாற்றுவதற்கு வரிசையாகத் திருகுகளைக் கழற்ற வேண்டும். அமெரிக்காவின் ஓக்லாந்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர், ஒற்றை மெல்லிய ரப்பர் வைத்து லேசான பித்தளை வைப்பர் ஒன்றைச் செய்து 1936ல் காப்புரிமை வாங்கினார். இன்று நாம் பிடிப்பதெல்லாம் அதன் வாரிசுகள்தான். கண்ணாடியில் மெல்லிய கோடு விழ ஆரம்பித்தால் கையை அழுத்தாதீர்கள், ரப்பரைக் கழற்றி மறு ஓரத்துக்குத் திருப்பிப் போடுங்கள். அதுவும் தேய்ந்தால் புதுசு. உபரி ரப்பரை மடித்து சீட்டுக்கு அடியில் போடவே கூடாது, எஞ்சின் சூட்டில் நெளிந்துவிடும். நான் ஒரு பிவிசி பைப் துண்டுக்கு இரண்டு பக்கமும் மூடி போட்டு அதற்குள் நேராக வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்கிரேப்பர், அதாவது பிளேடு. பெயிண்ட் சொட்டு, சிமென்ட் தெறிப்பு, ஸ்டிக்கர் பசைக்கு இது இல்லாமல் முடியாது. ஆனால் என்னைப் பெரிய நஷ்டத்தில் தள்ளியதும் இதுதான். புது ஃபிளாட் ஒன்றில் பால்கனிக் கதவு முழுவதும் பிளேடு ஓட்டினேன். ஓட்டும்போதே மணலை அரைப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மாலை வெயில் சாய்ந்து விழுந்ததும் மேலிருந்து கீழே வரை முடி முடியாகக் கீறல்கள். கண்ணாடிக்கு நான்தான் பணம் கட்டினேன். காரணம் பிறகுதான் புரிந்தது. டஃபன்ட் கிளாஸை, அதாவது சுலபமாக உடையாதபடி கடினமாக்கிய கண்ணாடியை, உலையில் 600 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். உலை சுத்தமாக இல்லாவிட்டால் பொடிப்பொடி கண்ணாடித் துகள்கள் மேற்பரப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். பிளேடு அதைப் பெயர்த்து இழுத்துக்கொண்டே போகும். இப்போதெல்லாம் முதலில் மூலையில் டஃபன்ட் கிளாஸ் என்று காட்டும் சின்ன முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஈரக் கண்ணாடியை விரல் நுனியால் தடவுகிறேன். சொரசொரப்பு தெரிந்தால் பிளேடு பைக்குள்ளேயே இருக்கும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கும் பிளேடு ஆகாது. பிளேடை மூடியுள்ள ஸ்கிரேப்பரிலேயே வையுங்கள், பாக்கெட்டில் வெறுமனே போடாதீர்கள்.

தண்ணீரையும் ஒரு கருவியாகவே நினையுங்கள். ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும், எவ்வளவு நன்றாகத் துடைத்தாலும் ஓரங்களில் தெரியும். அதனால் ஐந்து லிட்டர் கேன் தண்ணீரை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு போகிறேன். பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டால் போதும், இரண்டு பெட்ரூம் வீட்டுக்குத் தாங்கும். பழைய உப்புக்கறைக்கு வினிகர். யாராவது ஆசிட் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். அலுமினிய ஃபிரேமும் கீழே இருக்கும் மார்பிளும் கெட்டுப்போகும்.

துணிக்குப் பத்துப் பதினைந்து தடவை துவைத்த பருத்தி வேட்டியைக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சு விடாது. ஒன்று ஓரத்துக்கு, ஒன்று ஃபிரேமுக்கு, கலக்கக் கூடாது. டிராக்கில் சேர்ந்த மண்ணுக்குப் பழைய பெயிண்ட் பிரஷ்.

இதையெல்லாம் தூக்க, இடுப்புப் பைதான் நான் செய்த நல்ல செலவு. இரண்டு சக்கர வண்டிக்கு சீட் கவர் தைக்கும் கடையில் ரெக்ஸின் வாங்கித் தைத்தேன். வலது பக்கம் வைப்பர் செருக நீளப் பை. அதன் அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா, சொட்டும் தண்ணீர் அதில் விழும். இடது பக்கம் ஈரக் கட்டை. முதுகுப் பக்கம் காய்ந்த துணி. ஒரு வாரத்தில் கை தானாகவே தேடிப் போகும், பார்க்கக்கூடத் தேவைப்படாது.

ஏணியை வண்டியில் எடுத்துப்போக முடியாது, பெரும்பாலான வீடுகளில் ஸ்டூலாவது இருக்கும். நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்கு நீளும் கம்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதை பால்கனிக்கு வெளியே நீட்டுவதற்கு முன் மின்கம்பி எங்கே போகிறது என்று கட்டாயம் பாருங்கள், புறநகரில் கை எட்டும் தூரத்திலேயே போகும். கம்புக்கும் எட்டாத கண்ணாடியை, "சன்ஷேடில் இறங்கிச் செய்யுங்க தம்பி, போன தடவை வந்தவர் செஞ்சாரே" என்று சொல்வார்கள். நான் இறங்குவதில்லை. அந்தக் கண்ணாடிக்கு உண்டான பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவேன்.