எழுப்பிப் பாருங்கள்

நாகர்கோவிலில் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள் நான். இன்ஃபுளுயன்சா காய்ச்சலும் மூளையும் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

சிஸ்டர், 4 வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. மூளையைத் தாக்கிவிட்டதா? (ஒரு தாய், மார்த்தாண்டம்)

5 நிமிடத்துக்குள் நின்று, பிறகு தெளிந்து உங்களை அடையாளம் கண்டுகொண்டான் என்றால், பெரும்பாலும் அது சாதாரணக் காய்ச்சல் வலிப்புதான். ஆனாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலிப்பின்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம்.

நான் அஞ்சுவது வேறொன்றை: மூளை வீக்கத்தை. அதன் அடையாளங்கள் இவை: காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாட்களில் பிள்ளை மயங்கிக் கிடப்பது, பிதற்றுவது, அம்மாவையே தெரியாமல் விழிப்பது, திரும்பத் திரும்ப வலிப்பு வருவது. "அசதியில் தூங்குகிறான், எழுப்பாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எழுப்பிப் பாருங்கள். சரியாக விழிக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

தண்டுவட நீரில் வைரஸ் இல்லை என்றார்கள். பிறகு எப்படி மூளை வீங்கியது? (ஒரு தந்தை, குளச்சல்)

பலருக்கு அப்படித்தான். வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் அளவு மீறிப் பெருகும்போது, மூளையின் ரத்தக் குழாய்கள் கசிந்து வீக்கம் உண்டாகிறது. மிகக் கடுமையான வகையில், மூளையின் நடுவில் உள்ள தலாமஸ் என்ற பகுதி இருபுறமும் சிதையும். அதை 1995-இல் ஜப்பானிய மருத்துவர்கள் தனி நோயாக விவரித்தார்கள். வைரஸை அடக்கும் ஓசல்டாமிவிர் மருந்துடன் ஸ்டீராய்டும் கொடுப்பது இந்தக் கொந்தளிப்பை அடக்கத்தான்.

காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் தரலாமா? (ஒரு பாட்டி, தக்கலை)

கூடவே கூடாது, அம்மா. குழந்தைகளின் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவிடும். எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.

மகளுக்கு 6 வயது. இந்த மூளை வீக்கத்துக்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி 2 மாதமாகிறது. நடக்கிறாள், ஆனால் பேச்சு தடுமாறுகிறது, சட்டென்று கோபப்படுகிறாள். பழையபடி ஆவாளா? (ஒரு தாய், தோவாளை)

முழுதும் தேறியவர்களும் உண்டு, குறையோடு வாழ்பவர்களும் உண்டு. 2 மாதத்தில் எதையும் முடிவு கட்ட வேண்டாம். ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் வருவதுண்டு. பேச்சுப் பயிற்சியையும் பிசியோதெரபியையும் நிறுத்தாதீர்கள். அந்தக் கோபம் களைத்த மூளையின் கோபம். தயவுசெய்து அடிக்காதீர்கள், முதலில் அரை நாள் மட்டும் பள்ளிக்கு அனுப்புங்கள். பிச்சிப்பூ தொடுக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு பூவாக எடுத்து, வாய்விட்டு எண்ணி உங்கள் கையில் கொடுக்கட்டும். விரலுக்கும் நாவுக்கும் அது நல்ல பயிற்சி. வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அவள் தம்பிக்கு இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போடலாமா? 2 வயது. (அதே தாய்)

போடுங்கள். 6 மாதம் முதல் போடலாம். முதல்முறை என்பதால் 4 வார இடைவெளியில் 2 தவணை. பிறகு ஆண்டுக்கு ஒன்று. மழைக்காலத்தில் இந்தக் காய்ச்சல் கூடும், நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.